ஆறு கோடுகள்

பூத்தியென் நகரம், குடும்பப் பதிவு அலுவலகம்,
மூன்றாம் சன்னல். ஜூன் மாதம்.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
படிவங்களின் மேல் கையை வைத்துக்கொள்ள வேண்டும்.

டோக்கன் அறுபத்தேழு.
விரல்களில் சிப்பி ஓடு கீறிய வெள்ளைத் தழும்புகள்.
பெயர்: ஜுவோ ஜாவ்தி.
ஜாவ்தி என்றால் 'தம்பியைக் கூப்பிடு'.
பிறந்த அன்றே ஒப்படைத்த வேலை.

கேட்கும் பெயர் ஃபெய். ஒற்றை எழுத்து.
காரணம் என்ற கட்டத்தில்
'வேலை முடிந்தது' என்று எழுதியிருந்தார்.

புரியவில்லை என்றேன்.
"கூப்பிட்டேன், வந்துவிட்டான்.
ஐம்பது வயதாகிறது அவனுக்கு, தொப்பை வேறு.
இன்னும் எத்தனை நாள் கூப்பிடுவது?"

கணினியில் ஃபெய் என்று தட்டினேன்.
முதலில் வந்தது 'அல்ல'.
அப்புறம் 'பற', 'செலவு', 'கொழுப்பு', 'வீண்', 'நுரையீரல்'.
அடுத்த பக்கம் போன பிறகுதான்
அரசனின் துணைவி அகப்பட்டாள்,
ரேஷன் வரிசையில் பின்னால் நிற்பவள் போல.

இடப்பக்கம் 'பெண்', மூன்று கோடு.
வலப்பக்கம் 'தான்', மூன்று கோடு.

பழைய எழுத்துகளைப் படிக்கப் போய்
இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டவன் நான்.
இந்தச் சன்னலில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை.
அன்று வாய் சும்மா இருக்கவில்லை:

ஆமை ஓட்டில் கீறிய காலத்தில்
அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்தது
தானா, குழந்தையா, பாம்பா என்று
அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.
பழைய அகராதியைக் கேட்டால்
'இணை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்.
யாருக்கு யாரும் இணை.
உழவன் வீட்டுக்காரிக்கும் பொருந்தியிருக்கும்.
பிறகு அரண்மனை அதை உள்ளே இழுத்துக்
கதவைச் சாத்தியது.
அரசிக்குக் கீழே, மற்றவர்களுக்கு மேலே
ஒரு படியைக் காட்டி உட்காரச் சொன்னது.
பட்டு இவ்வளவு, மெழுகுவர்த்தி இவ்வளவு,
குளிருக்குக் கரி இவ்வளவு என்று
அளந்து கொடுத்தது.

"அரசிகூட இல்லை அம்மா. யோசியுங்கள்."

"எதிர்த் தீவில் கடலம்மா இருக்கிறாளே,
அவளுக்கு ஒரு பேரரசர் 'வானத்தின் துணைவி' என்று
பட்டம் கொடுத்தாராம். கல்யாணமே ஆகாதவள்.
வானம் ஒருநாளாவது வீட்டுக்கு வந்து
சோறு எங்கே என்று கேட்டிருக்குமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் மூக்கு பட
என் திரையை எட்டிப் பார்த்தார்.
"இதில் புருஷன் எங்கே?"

பார்த்தேன்.
பெண். தான்.
"அந்தப் பாதி சும்மா ஒலிக்காகச் சேர்த்தது என்று…"
"இல்லைதானே?"
இல்லை.

எங்கே பிடித்தீர்கள் இந்த எழுத்தை என்றதற்கு
லிச்சிப் பழப் பெட்டியில் என்றார்.
'துணைவியின் சிரிப்பு' என்று ஒரு ரகம்.
தோல் பாதி பச்சையாக இருக்கும்போதே
உள்ளே இனித்துக் கிடக்கும்.
பெட்டி காலியான பிறகும் அட்டையைக் கிழித்து
வைத்திருந்தாராம், இரண்டு வருடமாக.

புதுப் பெயரில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.
ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மூச்சு எடுத்தார்.
கடைசிக் கோடு மட்டும்
கொஞ்சம் மேலேயிருந்து கிளம்பிவிட்டது.
மயிரிழைதான். ஆனால் அவ்வளவு ஏறினாலே
'தான்' என்பது 'ஏற்கெனவே' ஆகிவிடும்.
இன்னும் ஏறி வாய் மூடிக்கொண்டால் பாம்பு.
இதற்காகப் பள்ளியில் அடி வாங்காதவர்
இந்த நாட்டில் இல்லை.

விதிப்படி
வேறு படிவம் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும்.

மின்விசிறி திரும்பியது. தாள் எழுந்தது.
கையை வைத்தேன்.
கை மறைத்தது சரியாக அந்த இடத்தை.

மறு கையால் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு
அறுபத்தெட்டு என்று
கூப்பிட்டேன்.